கோட்டுக்கு வெளியேயும் உள்ளேயும்: தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்களைப் பார்த்து ஷாட் எறியப் பழகும் முறை

1998 ஜூன் 14 அன்று சால்ட் லேக் சிட்டியில் மைக்கேல் ஜோர்டன் எறிந்த ஷாட்டும், 2013 ஜூன் 18 அன்று மயாமியில் ரே ஆலன் எறிந்த ஷாட்டும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதித் தொடர்களின் ஆறாவது ஆட்டங்களில் விழுந்தவை. தற்செயலாக, இரண்டும் விழுந்தபோது கடிகாரத்தில் எஞ்சியிருந்தது 5.2 நொடிகள்தான். ஜோர்டனுடையது மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து விழுந்தால் மூன்று புள்ளி, உள்ளிருந்து விழுந்தால் இரண்டு) உள்ளே, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்து நின்று எறிந்த நடுத்தூர ஷாட். ஆலனுடையது வலது மூலையில் கோட்டுக்கு வெளியே நின்று, சக வீரர் தந்த பாஸ் கைக்கு வந்ததும் எறிந்தது. இரண்டு காணொளிகளும் எளிதில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனித்தால், ஆலனின் கால்கள் பந்து வருவதற்கு முன்பே தம் இடத்தைத் தேடிக்கொள்வதையும், ஜோர்டனின் கால்கள் ஓடும் உடலைச் சட்டென்று நிறுத்துவதையும் காணலாம். வெளியிலிருந்து எறிவதற்கும் நடுத்தூரத்தில் எறிவதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுவே. கையின் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், முதலில் கையைப் பழக்கிவிட்டுப் பிறகு கால்களுக்கு வருவது நல்லது.

அதற்கு முன் அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வளையம் தரையிலிருந்து 10 அடி, அதாவது 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு நேர் எதிரில் 23 அடி 9 அங்குலத்திலும், இரு மூலைகளிலும் 22 அடியிலும் இருக்கிறது. இந்தியா உட்படப் பிற நாடுகள் பின்பற்றும், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகளில் அது 6.75 மீட்டர், மூலையில் 6.60 மீட்டர். எனவே நம்மூர் மைதானத்தில் பழகுபவர், தொலைக்காட்சியில் பார்க்கும் கோடு நேர் எதிரில் தம் கோட்டைவிட ஏறக்குறைய அரை மீட்டர் பின்னால் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு உள்ளே, வளையத்துக்கு முன்னால் உள்ள பெயிண்ட் பகுதிக்கு வெளியே இருக்கும் நிலப்பரப்பைத்தான் நடுத்தூரம் என்கிறோம்.

பந்து எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும்?

வளையத்தின் உள் விட்டம் சுமார் 45.7 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். பந்து நேர் மேலிருந்து இறங்கினால் முழு வளையமும் அதற்குத் திறந்திருக்கும். 45 டிகிரிச் சாய்வில் இறங்கும் பந்துக்கோ அதே வளையம் 32 சென்டிமீட்டர் அகலமாகத்தான் இருக்கும். 30 டிகிரிக்குத் தாழ்ந்துவிட்டால் அந்த அகலம் 23 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடுவதால், பந்து வளையத்தின் விளிம்பைத் தொடாமல் உள்ளே நுழைய வழியே இல்லை. "ஷாட் தட்டையாக இருக்கிறது" என்று பயிற்சியாளர்கள் கடிந்துகொள்வதன் பொருள் இதுதான். வளையத்தில் 45 டிகிரியில் இறங்க வேண்டுமானால், கையிலிருந்து புறப்படும்போது பந்து 50 டிகிரியை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ எழ வேண்டும். கையில் கோணமானியை வைத்துக்கொண்டு யாரும் ஆடுவதில்லை. ஆகவே எறிந்து முடித்த நிலையில் முழங்கை கண்ணுக்கு மேலே போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பந்துக்குப் பின்சுழற்சியும் வேண்டும். விளிம்பிலோ பலகையிலோ பட்ட பந்தின் வேகத்தைக் குறைத்து, அதை வளையத்தருகிலேயே வைத்திருப்பது அந்தச் சுழற்சி. 2019 மே 12 அன்று டொராண்டோ அணியின் கவாய் லெனர்ட், ஒரு தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், தம்மைவிட உயரமான ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாக வலது மூலையிலிருந்து எறிந்த பந்து, வளையத்தின் மேல் நான்கு முறை துள்ளிய பிறகு உள்ளே விழுந்து, ஆட்டம் 92-90 என முடிந்தது. அதில் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே பந்து தட்டையாக வந்திருந்தால் முதல் துள்ளலிலேயே வெளியே தெறித்திருக்கும் என்பது என் கணிப்பு.

கையைப் பழக்குதல்

வளையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். எறியும் கையின் விரல்களை அகல விரித்து, பந்தை விரல்களின் மேலும் விரல்களை ஒட்டிய உள்ளங்கை மேட்டின் மேலும் தாங்குங்கள். உள்ளங்கையின் நடுக்குழியில் பந்து படக் கூடாது. மணிக்கட்டு பின்னோக்கி மடங்கியிருக்க, அதன் மேற்புறத் தோலில் சுருக்கம் விழ வேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்கட்டும். எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அது இம்மி பிசகாமல் நேராக இருந்தே தீர வேண்டும் என்று உடலை முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு கையை முதலில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் எறியுங்கள். பந்தைக் கடைசியாக விடுபவை ஆட்காட்டி விரலும் நடுவிரலும். எறிந்த பிறகு மணிக்கட்டு முன்னோக்கித் தொங்க வேண்டும். பந்து வலையைத் தொடும்வரை அந்தக் கையைக் கீழே இறக்கக் கூடாது.

ஒரு கையால் வரிசையாக ஐந்து பந்துகள் விளிம்பில் படாமல் விழுந்த பிறகே இன்னொரு கையைச் சேர்க்க வேண்டும். அந்தக் கை பந்தின் பக்கவாட்டில் அணையாக மட்டுமே நிற்க வேண்டும். ஷாட் இடமும் வலமுமாக விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கையின் கட்டைவிரல்தான். பந்து புறப்படும் கணத்தில் அது தன்னையறியாமல் ஒரு சிறு தள்ளு தள்ளிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வெள்ளைக் கோடு ஒன்று வரைந்த பந்தைப் பயன்படுத்துங்கள். காற்றில் அந்தக் கோடு தள்ளாடினால் கட்டைவிரல் வேலை செய்திருக்கிறது. ஒரே வட்டமாகச் சுழன்றால் செய்யவில்லை.

முறையை மாற்ற நினைப்பவர் எவ்வளவு பொறுமை காக்க வேண்டும் என்பதற்கு ஸ்டீஃபன் கறியின் கதையே சான்று. பள்ளி நாட்களில் அவர் இடுப்பருகிலிருந்து பந்தைத் தூக்கி எறிபவராகவே இருந்தார். உயரமான தடுப்பாளர்களிடம் அது செல்லாது என்று உணர்ந்து, முன்னாள் என்.பி.ஏ. வீரரான அவருடைய தந்தை டெல் கறி, ஒரு கோடை விடுமுறையில் பந்தைத் தலைக்கு மேலிருந்து விடும்படி முழு முறையையும் மாற்றியமைத்தார். வாரக்கணக்கில் அந்தப் பையனால் பெயிண்ட் பகுதிக்கு வெளியிலிருந்து பந்தைக் கொண்டுசேர்க்கவே முடியவில்லை. அதே கைதான் 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளி ஷாட்களை விழவைத்தது.

வெளியிலிருந்து எறிதல்

கோட்டுக்கு வெளியே நிற்பவர் செய்யும் முதல் தவறு, பாஸ் வரும்வரை நிமிர்ந்து நிற்பது. பந்தைப் பிடித்த பிறகு முழங்காலை மடக்கி, கால்களை ஒழுங்குபடுத்தி, பிறகு வளையத்தைப் பார்ப்பதற்குள் தடுப்பாளர் எதிரே வந்து நின்றுவிடுவார். பந்து காற்றில் இருக்கும்போதே முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். கைகள் மார்புக்கு முன்னால் விரிந்து பாஸுக்கு இலக்குக் காட்ட வேண்டும். வளையம் எங்கே என்று கண் ஒருமுறை பார்த்துவிட்டிருக்க வேண்டும். பந்தைப் பிடிக்கும்போது கால் வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பந்து கையைத் தொடும் கணத்தில் இரு பாதங்களும் ஒரு சிறு துள்ளலோடு சேர்ந்து தரையில் படுவது ஒன்று. ஒரு பாதம் முதலிலும் மற்றது அடுத்தும் என ஒன்று-இரண்டு என்று வைப்பது இன்னொன்று. நின்ற இடத்தில் பாஸ் வாங்குபவருக்கு முதலாவதும், ஸ்கிரீனை, அதாவது தடுப்பாளரின் வழியை மறித்து நிற்கும் சக வீரரை, சுற்றி ஓடி வந்து வாங்குபவருக்கு இரண்டாவதும் பொருந்தும். இரண்டையும் கைவசம் வைத்திருப்பதே நல்லது.

பாதங்கள் வளையத்தை நேராக நோக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் வலக்கை வீரர்கள் பலருடைய பாதங்கள் வளையத்துக்குச் சற்று இடப்புறமாகத் திரும்பியிருப்பதைக் காணலாம். அப்படித் திரும்பும்போது வலது தோள் வளையத்தின் நேர்கோட்டுக்கு வந்துவிடுவதால், தோளிலும் முழங்கையிலும் இறுக்கம் குறைகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை உங்கள் தோளே சொல்லிவிடும்.

தூரத்துக்கான வலிமை கையிலிருந்து வரக் கூடாது. ஃப்ரீ த்ரோவுக்கும் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஷாட்) மூன்று புள்ளி ஷாட்டுக்கும் மணிக்கட்டு செய்யும் வேலை ஒன்றாகவே இருக்க, கூடுதல் தூரத்தைக் கால்கள் தர வேண்டும். முழங்கால் நிமிரத் தொடங்கும்போதே பந்தும் மேலேறத் தொடங்கி, உடல் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கையைவிட்டுப் போக வேண்டும். பந்து நெற்றிக்கு முன்னால் ஒரு கணம் தங்கிவிட்டால் கால் தந்த வலிமை அங்கேயே தீர்ந்துபோகும். அதன் பிறகு தோளால் தள்ளித்தான் தூரத்தை எட்ட வேண்டியிருக்கும். கறி பந்தைப் பிடித்ததும் அது ஒருமுறை இடுப்பளவுக்குத் தாழ்ந்து பிறகு மேலேறுவதைக் கவனித்திருப்பீர்கள். பந்தைத் தாழ்த்தவே கூடாது என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; அந்தத் தாழ்வுதான் காலின் தாளத்தோடு கையை இணைக்கிறது.

மூலையிலிருந்து எறிவது தனிக் கலை. என்.பி.ஏ. அரங்கில் மூலைக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே இருப்பது மூன்றே அடி. அந்த மூன்றடிக்குள் இரு பாதங்களும் அடங்க வேண்டும். முன்னால் மிதித்தால் மூன்று புள்ளி இரண்டாகிவிடும், பின்னால் மிதித்தால் பந்தே பறிபோகும். இளம் வயதில் மில்வாக்கியில் ஆடியபோதே ரே ஆலன் இதற்கென்று ஒரு பயிற்சியை உருவாக்கிக்கொண்டார். பெயிண்ட் பகுதியில் தரையில் படுத்திருந்து, துள்ளி எழுந்து, பின்னோக்கி மூலைக்கு ஓடி, எந்தக் கோட்டையும் மிதிக்காமல் பாஸை வாங்கி எறிய வேண்டும். 2013 இறுதித் தொடரில் மயாமி அணி 95-92 எனப் பின்தங்கியிருந்தபோது, லெப்ரான் ஜேம்ஸ் தவறவிட்ட பந்தை கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து, அதாவது திரும்பி வந்ததைப் பிடித்து, பாஸ் தர, கீழே குனிந்துகூடப் பாராமல் ஆலன் பின்னோக்கி நடந்துகொண்டே அதை வாங்கி எறிந்தார். பல ஆண்டுகள் பழகிய பின்னடிகளே அங்கே வேலை செய்தன. உங்கள் மைதானத்தில் இதைச் செய்து பார்க்கலாம். படுத்து எழுவதை விட்டுவிட்டாலும், பின்னோக்கி ஓடிக் கோட்டைக் காலால் உணர்வது மிகவும் பயனுள்ளது.

நடுத்தூரத்தில் எறிதல்

இங்கே பந்து பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கும். தடுப்பாளரும் உடலை ஒட்டியே இருப்பார். ஓடும் வேகத்தை ஓரடியில் அடக்கி நேர் மேலே எழும்புவதுதான் முழு வேலையும். கடைசித் தட்டை மற்றவற்றைவிட ஓங்கித் தட்டுங்கள்; பந்து தானாகவே மார்பளவு எழுந்து கைக்கு வந்துவிடும், குனிந்து எடுக்க வேண்டியிருக்காது. அதே கணத்தில் முதல் பாதத்தைக் குதிகாலிலிருந்து விரல்வரை உருட்டி ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டாவது பாதத்தைக் கொண்டுவந்து சேருங்கள். தலை இரு பாதங்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். அது முன்னால் சாய்ந்தால் பந்து நீளும், பின்னால் சாய்ந்தால் குறையும்.

மூன்று புள்ளி ஷாட்டில் எழும்பும்போதே பந்தை விடச் சொன்னேன். நடுத்தூரத்தில் அதற்கு மாறாக, எழும்பலின் உச்சியை நெருங்கி விடுவது நல்லது. தூரம் குறைவு என்பதால் காலின் வலிமையில் சிறிதை இழந்தாலும் கேடில்லை. நீட்டிய கைக்கு மேலே பந்தைக் கொண்டுபோகும் உயரம்தான் இங்கே முக்கியம். டர்க் நோவிட்ஸ்கி இதை ஓர் எல்லைக்கே கொண்டுசென்றார். ஏழடி உயரமுள்ள அவர், ஒரு காலில் பின்சாய்ந்து எழும்பி, மற்ற முழங்காலைத் தடுப்பாளருக்கும் தமக்கும் நடுவே வேலிபோல் உயர்த்திக்கொண்டு எறியும்போது, பந்தை எட்டும் தடுப்பாளர் அரிது. 2011இல் டல்லஸ் அணி கோப்பையை வென்றதில் அந்த ஷாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்ய முயல்வதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். நேராக எழும்பி நேராக இறங்கத் தெரிந்த பிறகே பின்சாய்வு.

ஜோர்டனின் 1998 ஷாட்டில் கற்க வேண்டியது அந்த நிறுத்தத்தைத்தான். வலப்பக்கம் பாய்ந்தவர் சட்டென்று நிற்க, தடுத்துக்கொண்டிருந்த பிரையன் ரஸ்ஸல் தம் வேகத்தை அடக்க முடியாமல் நிலைதடுமாறினார். ஜோர்டன் கையால் தள்ளினாரா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. தள்ளினாலும் தள்ளாவிட்டாலும், அந்த நிறுத்தத்துக்குப் பிறகு அவருடைய தோள்கள் அசையாமல் இருந்தன என்பதைக் காணொளியில் பார்க்கலாம்.

பலகையையும் மறந்துவிட வேண்டாம். வளையத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரிக் கோணத்தில் நிற்கும்போது, பலகைச் சதுரத்தில் தம் பக்கம் உள்ள மேல்மூலையைக் குறிவைத்து எறிவது நேரடி ஷாட்டைவிடப் பாதுகாப்பானது. டிம் டங்கன் தம் ஆட்டவாழ்வு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து அதைச் செய்துவந்தார். பார்ப்பதற்குச் சுவையற்ற ஷாட் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எதை எப்போது எறிவது?

கணக்கு எளிது. நூற்றுக்கு 36 மூன்று புள்ளி ஷாட்கள் விழுந்தால் ஒரு ஷாட்டுக்குச் சராசரி 1.08 புள்ளி. அதே பயனை இரண்டு புள்ளி ஷாட்டிலிருந்து பெற நூற்றுக்கு 54 விழ வேண்டும். நடுத்தூரத்தில் அந்த அளவுக்கு எறிபவர்கள் மிகச் சிலரே. 1979-80இல் என்.பி.ஏ. இந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டபோது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறைகூட வெளியிலிருந்து எறியவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 35ஐத் தாண்டிவிட்டது. கோட்டில் கால் பட்டபடி எறியும் நீண்ட இரண்டு புள்ளி ஷாட்தான் இருப்பதிலேயே நட்டமானது: தூரம் அதே, கூலி மட்டும் குறைவு. பாதத்தின் முன்னால் கோடு தெரிந்தால் அரையடி பின்வாங்கிவிடுங்கள்.

ஆனாலும் நடுத்தூர ஷாட் வேண்டாம் என்பது சரியான முடிவாகாது. 2018 மேற்கு மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கணக்கை நம்பியே ஆடிய ஹூஸ்டன் அணி வெளியிலிருந்து 44 முறை எறிந்து 7 முறை மட்டுமே விழவைத்தது. அவற்றில் 27 ஷாட்கள் தொடர்ச்சியாகத் தவறின. இன்னொரு காரணமும் உண்டு. வளையத்தைக் காக்க உயரமான தடுப்பாளர் பின்வாங்கி நிற்க, மற்றவர்கள் கோட்டை ஒட்டிக் காவல் நிற்கும்போது, ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனைகளும் வெறுமையாகிவிடுகின்றன. கிறிஸ் பால் ஸ்கிரீனைச் சுற்றி வலப்புற முனைக்கு வந்து நின்று ஆண்டுக்கணக்கில் எறிந்துகொண்டிருந்தது அந்த வெற்றிடத்தில்தான். கோப்பைக்கான ஆட்டங்களில் தடுப்பு இறுகும்போது, அது விட்டுக்கொடுக்கும் ஒரே இடமாக அதுவே எஞ்சுவதும் உண்டு.

இரண்டு ஷாட்களையும் இணைக்கும் நகர்வு ஒன்றைக் கட்டாயம் பழக வேண்டும். வெளியே பந்தை வாங்கியதும் தடுப்பாளர் பாய்ந்து வந்தால், பந்தையும் கண்ணையும் வளையத்தை நோக்கி உயர்த்தி எறிவதுபோல் காட்டுங்கள். முழங்கால்கள் மட்டும் மடங்கியபடியே இருக்கட்டும். அவர் கால் தரையைவிட்டு எழுந்ததும், அவருக்குப் பக்கவாட்டில் ஒரே ஒரு தட்டுத் தட்டி உள்ளே வந்து நின்று எறியுங்கள். பாசாங்கில் முழங்காலும் நிமிர்ந்துவிட்டால் அந்த ஒரு தட்டுக்கு வேண்டிய வேகம் கிடைக்காது.

பயிற்சியின் அளவும் குறிப்பும்

நாளொன்றுக்கு எத்தனை முறை எறிந்தோம் என்று எண்ணுவதைவிட, எந்த இடத்திலிருந்து எத்தனை விழுந்தன, தவறியவை எந்தப் பக்கம் தவறின என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. இடமோ வலமோ தவறினால் கையில் கோளாறு. மறுநாள் ஒன்றரை மீட்டரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். நேராகப் போய்க் குறைந்து விழுந்தால் கால் சோர்ந்திருக்கிறது. அப்போது கையால் கூடுதலாகத் தள்ளாமல் முழங்காலை இன்னும் சற்று மடக்குங்கள், அல்லது அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஐந்து இடங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோரிடத்திலும் முதலில் நடுத்தூரத்திலிருந்து பத்து, பிறகு அதே நேர்கோட்டில் கோட்டுக்கு வெளியே பத்து என்று எறிந்தால், கை மாறாமல் கால் மட்டும் கூட்டிக் கொடுப்பதை உடல் விரைவில் கற்றுக்கொள்ளும். பாஸ் கொடுக்க ஆள் இல்லையென்றால் பந்தைப் பின்சுழற்சியோடு முன்னால் எறிந்து, அது துள்ளித் திரும்பும்போது ஓடிப் பிடித்து எறியலாம்.

ஒவ்வொரு இடத்தையும் முடித்து மூச்சு வாங்கும் நிலையில் இரண்டு ஃப்ரீ த்ரோ எறியுங்கள். ஸ்டீவ் நாஷ் நடுவர் பந்தைத் தருவதற்கு முன்பே வெறுங்கையால் ஷாட் எறிவதுபோல் செய்து பார்த்துக்கொள்வார். அவருடைய ஃப்ரீ த்ரோக்களில் நூற்றுக்கு 90 விழுந்தன. ஆளில்லாத மைதானத்தில் வெறுங்கையை வீசிப் பார்க்கக் கூச்சமாக இருக்கலாம். இரண்டு நாளில் பழகிவிடும்.